‘புட் அப்’: ‘போடு’ என்று மொழிபெயர்த்தால் எங்கெல்லாம் தவறும்

அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் அனுப்பிய கோப்பு ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு வரி: ‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’. ‘புட் அப் வித்’ என்றால் ‘பொறுத்துக்கொள்’ என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். பழைய தாள்களைப் பொறுத்துக்கொள்வது எப்படி? பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன். “‘புட் அப்’ தனி, ‘வித்’ தனி தம்பி. கோப்பை மறுபடி அனுப்பு, கூடவே பழைய தாள்களையும் வெச்சு அனுப்புன்னு அர்த்தம்” என்றார்.

இத்தனை வருடம் கழித்தும், ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தும்போது அவர் சொன்ன அந்தப் பிரிப்புதான் எனக்கு உதவுகிறது. ‘புட் அப்’ என்பதில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ‘புட்’ என்றால் ‘போடு’, ‘அப்’ என்றால் ‘மேலே’ என்று பிரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்க்காமல் விடுகிறோம்.

இத்தனைக்கும், பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் பழகிய வேலைதான். கோலம் போடுகிறோம், டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், பந்தல் போடுகிறோம், வழக்குப் போடுகிறோம். ஐந்தும் ஐந்து வேறு வேலைகள். அதே கண்ணோடு ‘புட் அப்’பையும் பாருங்கள். கூடாரம் என்றால் அடிப்பது, சுவரொட்டி என்றால் ஒட்டுவது, குடை என்றால் விரிப்பது, கை என்றால் தூக்குவது, தலைமுடி என்றால் தூக்கிக் கொண்டை போடுவது. பணத்தோடு வந்தால் முதல் போடுவது. வேட்பாளரோடு வந்தால் தேர்தலில் நிறுத்துவது. அமெரிக்கச் சமையலறையில் தக்காளியையோ பீச் பழத்தையோ ‘புட் அப்’ செய்தார்கள் என்றால், பதப்படுத்தி ஜாடியில் அடைத்து வைத்தார்கள் என்று பொருள். நாம் ஊறுகாய் ‘போடுவது’ நினைவுக்கு வருகிறது இல்லையா? ஆனால் இந்தப் பொருத்தம் எல்லா இடத்திலும் வராது.

முக்கியமாகச் சண்டையில் வராது. ‘அவர்கள் தினமும் சண்டை போடுகிறார்கள்’ என்பதற்கு ‘தே புட் அப் எ ஃபைட் எவ்ரி டே’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வெறும் ‘ஃபைட்’ போதும். ‘புட் அப் எ ஃபைட்’ என்பது, தன்னைவிட வலுவான ஒன்று எதிரே நிற்கும்போது சுலபமாக விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்பது. தோற்றுப்போன கிரிக்கெட் அணியைப் பற்றி ‘தே புட் அப் எ குட் ஃபைட்’ என்று வர்ணனையாளர் சொன்னால், அது பாராட்டு. நாடகம் போடுவதற்கும் ‘புட் அப்’ வேண்டாம். அதற்கு ‘புட் ஆன்’.

‘புட் அப் வித்’ என்ற மூன்று சொல் கூட்டணிக்கு வருவோம். சகித்துக்கொள்வது என்பதுதான் இதற்குச் சரியான பொருள். அனுசரித்துப் போவது என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடும். உள்ளுக்குள் ஒரு சலிப்பு இருக்கிறது, வேறு வழியில்லாமல் தாங்குகிறோம் என்ற தொனி அதில் உண்டு. பணி நிறைவு விழாவில் ‘தேங்க் யூ ஃபார் புட்டிங் அப் வித் மீ’ என்று ஒருவர் சொன்னால், அது பணிவு; என்னால் உங்களுக்கு எத்தனையோ தொல்லை, பொறுத்துக்கொண்டீர்கள் என்கிறார். அதே மேடையில் ‘ஐ புட் அப் வித் ஆல் ஆஃப் யூ’ என்றால், உங்களையெல்லாம் சகித்துக்கொண்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். நல்ல மனதோடு பேச எழுந்த ஒருவர் இப்படிச் சொல்லி, அரங்கம் ஒரு நிமிடம் அமைதியானதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் சொல்ல நினைத்தது ‘எல்லோரோடும் ஒத்துப்போனேன்’ என்பதுதான். அதற்கு ‘காட் அலாங் வித்’ என்று இருக்கிறது.

இதைப் போன்ற இன்னொன்று ‘புட் அப் டு’. ‘ஹூ புட் யூ அப் டு திஸ்?’ என்றால், யார் உன்னைத் தூண்டிவிட்டது என்று கேட்கிறார்கள். குறும்புக்கோ தப்பான காரியத்துக்கோ ஏவிவிடுவதைத்தான் இது பெரும்பாலும் குறிக்கும். ஆகவே, ‘என் ஆசிரியர்தான் போட்டித் தேர்வு எழுதத் தூண்டினார்’ என்று நன்றியோடு எழுதும்போது இதைத் தொடாதீர்கள். ‘என்கரேஜ்ட்’ என்று எழுதினால் ஆசிரியருக்கும் மரியாதை. அப்புறம் ‘புட்-அப் ஜாப்’ என்று ஒன்று உண்டு. நாம் ‘எல்லாம் செட்டப்’ என்கிறோமே, அதுதான்.

சொல் வரிசையையும் கவனிக்க வேண்டும். போஸ்டர் என்ற பெயர் முழுதாக வந்தால் ‘புட் அப் த போஸ்டர்’, ‘புட் த போஸ்டர் அப்’ இரண்டும் சரி. அதையே ‘இட்’ என்று சுருக்கினால் நடுவில்தான் வைக்க வேண்டும்: ‘புட் இட் அப்’. ‘புட் அப் இட்’ கூடாது. ஆனால் சகித்துக்கொள்ளும் ‘புட் அப் வித்’தை யாராலும் பிரிக்க முடியாது. அங்கே ‘இட்’ கடைசியில்தான். இறந்தகாலத்திலும் ‘புட்’ மாறாது. ‘புட்டட்’ என்று ஒரு சொல் இந்த வினைக்குக் கிடையாது.

இதெல்லாம் நமக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டவருக்குப் பெரும் சிரமம் தருகிறது என்று எழுதியிருக்கிறார்.

சரி, நம் அலுவலகத்து ‘புட் அப்’ தவறா? என் கருத்தில், இல்லை. கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பதற்கு இந்திய அலுவலகங்களில் வேரூன்றிவிட்ட சொல் அது. ‘ஃபைலைப் புட் அப் பண்ணிட்டீங்களா?’ என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது மட்டும் ‘சப்மிட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று ஊருக்கு வந்தவரிடம் கேட்பதும் இதே மாதிரிதான். வெளிநாட்டுக்காரருக்கு ‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ என்றால்தான் சட்டென்று புரியும். ஆனால் ‘மை கசின் புட் மீ அப் ஃபார் டூ நைட்ஸ்’, அதாவது இரண்டு இரவு தன் வீட்டில் தங்கவைத்தார் என்பது எந்த நாட்டிலும் செல்லும்.

புதிதாக ஒரு ‘புட் அப்’பைப் பார்த்தால் தனியாக எழுதி வைக்காதீர்கள். கூட வந்த சொல்லையும் சேர்த்து முழுத்தொடராக எழுதுங்கள். வாடகையை வைத்தே பார்க்கலாம். வீட்டுக்காரர் ‘புட் அப் த ரென்ட்’ என்றால் வாடகையை ஏற்றிவிட்டார். ‘புட் த ஹவுஸ் அப் ஃபார் ரென்ட்’ என்றால் வீடு வாடகைக்கு இருக்கிறது என்று அறிவித்திருக்கிறார். முதல் செய்தி வந்தால் கூடுதல் பணம் தேட வேண்டும். இரண்டாவது வந்தால் வேறு வீடு தேட வேண்டும்.