ஒழுகும் ஹோஸைக் கையால் தடவாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோடையில் ஊருணி தூர்வாரும் வேலை நடக்கும்போது ஜேசிபி நின்றுவிட்டால் உடனே போன் வரும்: "அண்ணே, டிப்பரெல்லாம் சும்மா நிக்குது, வெரசா வாங்க." அந்த 'வெரசா'வில்தான் மெக்கானிக்குகள் நாங்கள் தவறு செய்கிறோம்.

பெரிய தவறு, ஹைட்ராலிக் ஹோஸ் (பக்கெட்டை இயக்கும் எண்ணெய் பிரஷரில் ஓடும் குழாய்) எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது. ஊசித்துளை கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் புகை மாதிரி லேசாகப் பறக்கும். கார் டயரில் 2 பார் (பிரஷரின் அளவு) சொச்சம் காற்று என்றால், பாரம் தூக்கும் ஹோஸுக்குள் 200 பாருக்கு மேல் போகும். அந்த எண்ணெய் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் ஏறிவிடும். வெளியே எறும்பு கடித்த அளவு புள்ளிதான். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால், சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷரில் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது" என்று சொல்லுங்கள். கம்பி குத்தியது என்று சொன்னால் டி.டி. ஊசியோடு அனுப்பிவிடக்கூடும். ஒழுகலைத் தேட எனக்கு ஒரு நீள அட்டைத் துண்டு போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைத் தள்ளி வைத்து, அட்டையை ஹோஸ் அருகே நகர்த்தினால் நனையும் இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

என்ஜினை நிறுத்தினால் பிரஷர் போய்விடாது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, லீவர்களை நாலா பக்கமும் ஆட்டிய பிறகுதான் ஸ்பேனர். முன் பக்கெட்டைத் தூக்கி வைத்துச் செய்ய வேண்டிய வேலையா, சிலிண்டர் மேல் லாக் (தூக்கிய பக்கெட் இறங்காமல் தடுக்கும் இரும்பு முட்டு) மாட்டாமல் அடியில் நுழையவே கூடாது. பல வண்டிகளில் அந்த லாக் கழன்று பட்டறை மூலையில் கிடக்கும். தேடி எடுங்கள், மரக்கட்டை முட்டு அதற்கு ஈடாகாது.

அப்புறம் நம்ம ஊர்ச் செம்மண் புழுதி. ஏர் ஃபில்டர் அடைத்தால் ஆபரேட்டர் தம்பிகள் டயரில் தட்டி மாட்டிவிடுவார்கள். விளிம்பு நெளிந்து, சரியாக உட்காராது. சந்து வழியே போகும் பொடி என்ஜினுக்குள் இருக்கும் லைனரையும் ரிங்கையும் தேய்த்துத் தள்ளும். ஃபில்டர் காசை மிச்சம் பிடித்து என்ஜினை இறக்கிய கதைகள் இங்கே நிறைய. உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரை ஊதிப் போடுவதும் தவறு, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, ஃபில்டருக்கு அடுத்த குழாயில் விரலை விட்டுப் பாருங்கள். விரலில் செம்மண் பொடி ஒட்டி வந்தால் எங்கோ சந்து இருக்கிறது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் வைக்காதீர்கள்.

சர்வீஸ் கணக்கைத் தேதியில் பார்ப்பதும் இங்கே வழக்கம். மழையில் ஒரு மாதம் நிற்கும் வண்டி, கோடையில் இரவு பகலாக ஓடும், மணிக்கணக்குதான் சரி. ஹவர் மீட்டர் வயர் அறுந்து கிடந்தால், அதைச் சரி செய்த பிறகுதான் நான் ஆயில் டப்பாவைத் திறப்பேன்.