பேரலல் ரீசனிங்: ஆப்ஷனைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில், வாதங்களை எடைபோடச் சொல்லும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில், பிள்ளைகள் பார்த்தவுடனே முகம் சுளிக்கும் கேள்வி ஒன்று உண்டு. அதுதான் பேரலல் ரீசனிங். மூன்று நான்கு வரியில் ஒரு வாதம் இருக்கும். கீழே ஐந்து ஆப்ஷன். ஒவ்வொன்றும் தனித்தனி வாதம். “இவற்றில் எதன் போக்கு மேலே உள்ள வாதத்தை அதிகம் ஒத்திருக்கிறது?” என்று கேட்பார்கள். ஒரே கேள்விக்கு ஆறு வாதம் படிக்க வேண்டுமே என்று மலைப்பது நியாயம்தான். ஆனால் ஆறையும் முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பெங்களூரில் நாகர்பாவி நேஷனல் லா ஸ்கூலின் ஐந்தாண்டுப் படிப்பைக் குறிவைப்பவர்கள் கிளாட் என்ற இந்திய நுழைவுத் தேர்வை எழுதுகிறார்கள். அமெரிக்கா, கனடா என்று நினைப்பவர்கள் எல்சாட் எழுதுகிறார்கள். அல்சூரில் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை படிக்க வரும் பிள்ளைகளில் இரண்டு ரகமும் உண்டு. கிளாட்டில் இந்த வகைக் கேள்வி பாசேஜுக்குள் எப்போதாவது ஒளிந்து வரும். எல்சாட்டில் ஒவ்வொரு லாஜிக்கல் ரீசனிங் பகுதியிலும் வழக்கமாக ஓரிரண்டு எதிர்பார்க்கலாம். 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, மதிப்பெண் உள்ள லாஜிக்கல் ரீசனிங் பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள். ஆகையால் இதைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்ற கணக்கு இனி சரிப்படாது.

முதல் படி: கேள்வியை முதலில் படியுங்கள்

வாதத்துக்குப் போகும் முன் கேள்வி வரியைப் பாருங்கள். ‘போக்கு’ என்று மட்டும் கேட்டிருந்தால் வாதம் பெரும்பாலும் சரியானதாக இருக்கும். ‘பிழையான போக்கு’ என்று கேட்டிருந்தால் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதே ஓட்டை உள்ள ஆப்ஷன்தான் விடை. இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இரண்டாம் படி: வடிவத்தை எழுதுங்கள்

நானே எழுதிய ஒரு வாதம்:

*மெட்ரோ ஓடாத நாளில் எம்.ஜி. ரோட்டில் மீட்டர் போட்டு வரும் ஆட்டோ கிடைக்கவே கிடைக்காது. இன்று எம்.ஜி. ரோட்டில் மீட்டர் போட்டு ஆட்டோ வந்தது. ஆகவே இன்று மெட்ரோ ஓடுகிறது.*

மீட்டர் போட்டு ஆட்டோ வருமா என்று பெங்களூர்வாசிகள் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் அதை வைத்து மதிப்பிடாதீர்கள். சொன்னது ஊர் நடப்பில் உண்மையா என்பது இங்கே கேள்வியே இல்லை.

முதலில் முடிவு எது? ‘இன்று மெட்ரோ ஓடுகிறது.’ மற்ற இரண்டும் அதைத் தாங்கும் ஆதாரம். இப்போது மெட்ரோவை ‘க’ என்றும் ஆட்டோவை ‘ச’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (‘→’ என்பதை ‘என்றால்’ என்று படியுங்கள்):

க இல்லை → ச இல்லை
ச இருக்கிறது
ஆகவே க இருக்கிறது

இவ்வளவுதான் வடிவம். கோலத்தில் வண்ணம் எதுவானாலும் புள்ளி வரிசை அதேதான், இல்லையா? நாம் தேடுவது அந்தப் புள்ளி வரிசையை.

மூன்றாம் படி: ஆப்ஷன்களில் முடிவை மட்டும் பாருங்கள்

முழுப் பதிவும் இந்தப் படிக்காகத்தான். இதோ ஐந்து ஆப்ஷன்:

(அ) மெட்ரோ ஓடும் நாளில் எம்.ஜி. ரோட்டில் ஆட்டோக்காரர்கள் பேரம் பேசுவதில்லை. இன்று யாரும் பேரம் பேசவில்லை. ஆகவே இன்று மெட்ரோ ஓடுகிறது.

(ஆ) காவேரித் தண்ணீர் வராத நாளில் எங்கள் அபார்ட்மென்ட்டில் வாஷிங் மெஷின் ஓடாது. இன்று தண்ணீர் வரவில்லை. ஆகவே இன்று வாஷிங் மெஷின் ஓடாது.

(இ) மாவு புளிக்காவிட்டால் அந்த மெஸ்ஸில் இட்லி போடமாட்டார்கள். இன்று இட்லி போட்டிருக்கிறார்கள். ஆகவே மாவு புளித்திருக்க வாய்ப்பு உண்டு.

(ஈ) வித்யா ஒத்திகைக்கு வந்திருக்கிறாள். ஏனென்றால் ஒத்திகைக்கு வராத யாரையும் மேடை ஏற்றுவதில்லை. அவள் மேடை ஏறினாள்.

(உ) மழை பெய்தால் சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நகராது. வண்டியில் உட்கார்ந்து காத்திருக்க யாருக்கும் பிடிக்காது. ஆகவே மழை நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லது.

மேலே உள்ள வாதத்தின் முடிவு எப்படிப்பட்டது? ஒரு விஷயம் இப்படித்தான் என்று அடித்துச் சொல்கிறது. ‘இருக்கலாம்’ இல்லை, ‘செய்ய வேண்டும்’ இல்லை, ‘அதைவிட இது மேல்’ இல்லை. இப்போது ஐந்து ஆப்ஷனிலும் முடிவை மட்டும் பாருங்கள். (உ) யோசனை சொல்கிறது, போகட்டும். (இ) ‘வாய்ப்பு உண்டு’ என்று இழுக்கிறது, அதுவும் போகட்டும். ஆதாரங்களைப் படிக்காமலே ஐந்து மூன்றாகிவிட்டது.

(இ)யைத் தூக்கியதில் சிலருக்கு மனம் ஒப்பாது. ஆதாரங்கள் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துகின்றனவே என்பார்கள். பொருந்தட்டும். முடிவின் அழுத்தம் குறைந்தால் அது வேறு வாதம். இந்தப் பரீட்சையில் ‘நிச்சயம்’, ‘பெரும்பாலும்’, ‘ஒருவேளை’ மூன்றும் மூன்று தனிச் சரக்கு. ‘எல்லா’, ‘பெரும்பாலான’, ‘சில’ என்பவையும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை: ‘இல்லை’ என்று முடிவதால் மட்டும் ஒரு ஆப்ஷனைத் தள்ளக் கூடாது. “கடை திறந்திருந்தால் விளக்கு எரியும், விளக்கு எரியவில்லை, ஆகவே கடை திறந்திருக்கவில்லை” என்று ஒரு ஆப்ஷன் வந்தால் அதுவும் நம் வாதத்தின் வடிவம்தான். முதல் வரியில் சொன்ன விளைவு நடக்கவில்லை, ஆகவே அதற்கான நிபந்தனையும் நடக்கவில்லை. இரண்டிலும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் ‘ஓடாது’ என்று முடியும் (ஆ)வை இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

நான்காம் படி: மிஞ்சியதை மட்டும் ஒப்பிடுங்கள்

மிஞ்சியவை (அ), (ஆ), (ஈ).

(ஆ): க இல்லை → ச இல்லை. க இல்லை. ஆகவே ச இல்லை. வாதம் சரியானதுதான், ஆனால் நேராகப் போகிறது. நம் வாதம் பின்பக்கமாகத் திரும்பி வருகிறது. வேண்டாம்.

(அ)வைத்தான் பாதிப் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். “அக்கா, இதுலயும் மெட்ரோதானே, இதுலயும் ஆட்டோதானே?” என்று ஒரு பெண் கேட்டாள். “அதனாலதாண்டி சந்தேகப்படணும்,” என்றேன். ஒரே கதைப்பொருளில் ஒரு ஆப்ஷன் வந்தால் அது பெரும்பாலும் தூண்டில். வடிவத்தை எழுதிப் பாருங்கள் (இங்கே ‘ச’ என்பது பேரம் பேசாதது): க → ச. ச இருக்கிறது. ஆகவே க. இது தலைகீழ்ப் பிழை: விளைவு இருப்பதை வைத்து நிபந்தனையும் இருக்கிறது என்று சொல்லிவிடுவது. பக்கத்தில் டிராஃபிக் போலீஸ் நின்றாலும் ஆட்டோக்காரர் பேரம் பேசாமல் வருவார். அதற்கு மெட்ரோ ஓட வேண்டும் என்பதில்லை.

(ஈ): ஒத்திகை இல்லை → மேடை இல்லை. மேடை உண்டு. ஆகவே ஒத்திகை உண்டு. இதுதான் விடை. முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். வரிகள் எந்த வரிசையில் வந்தாலும் வடிவம் மாறாது. ‘ஆகவே’ என்ற சொல்லையே தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. ‘ஏனென்றால்’ வந்தால் அதற்கு முன்னால் இருப்பதுதான் முடிவு.

பிழையான போக்கைக் கேட்டால்

இங்கே ஒரு வேலை கூடுதல்: ஓட்டையை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டுத்தான் ஆப்ஷனுக்குப் போக வேண்டும். இதைப் பாருங்கள்:

*எங்கள் தெருவில் பெரும்பாலான கடைகள் பூக்கடைகள். பெரும்பாலான பூக்கடைகள் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். ஆகவே எங்கள் தெருவில் பெரும்பாலான கடைகள் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும்.*

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்று பலருக்குப் பிடிபடாது. இதே வடிவத்தில் இந்த ஆப்ஷனைப் படியுங்கள்:

*எங்கள் பெங்களூர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தமிழர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் வசிக்கிறார்கள். ஆகவே எங்கள் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் வசிக்கிறார்கள்.*

தினமும் ஓசூரிலிருந்து வந்து போகிறவர்கள் சிலர் இருக்கலாம், ஆனால் ஆபீஸில் பாதிக்கு மேல் அப்படியா? ஆபீஸில் இருக்கும் தமிழர்கள், மொத்தத் தமிழர்களில் ஒரு சிறு துண்டு. மொத்தத்துக்குப் பொருந்தும் ‘பெரும்பாலும்’ அந்தத் துண்டுக்கும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. பூக்கடை வாதத்திலும் இதே ஓட்டைதான். வடிவம் பிடிபடாதபோது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆட்களையும் இடங்களையும் போட்டு எழுதிப் பாருங்கள். ஓட்டை தானாக இளிக்கும்.

இந்த வகையில் வரும் தூண்டில் எது தெரியுமா? இரண்டாவது வரியில் ‘பெரும்பாலான பூக்கடைகள்’ என்பதற்குப் பதில் ‘எல்லாப் பூக்கடைகளும்’ என்று போட்டுவிடுவார்கள். அப்போது வாதம் சரியாகிவிடும். பிழையைக் கேட்ட கேள்விக்குப் பிழை இல்லாத வாதம் விடையாகாது. வேறு வகைப் பிழை உள்ள வாதமும் ஆகாது. ‘இதுவும் தப்பான வாதம்தானே’ என்று அவசரப்படாதீர்கள்.

நேரம்

எல்சாட்டில் ஒரு பகுதிக்கு 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்வி. சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பேரலல் கேள்வி நீளமானது, ஆனால் அதற்கும் ஒரே மதிப்பெண்தான். ஆரம்பநிலையில் உள்ளவர்கள் இதைக் கொடி போட்டு வைத்துவிட்டு, மற்றதை முடித்தபின் திரும்பி வருவதே என் கருத்தில் நல்லது. எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். நேரம் இல்லையென்றால், முடிவை மட்டும் பார்த்து இரண்டு மூன்றைத் தள்ளிவிட்டு மிஞ்சியதில் ஒன்றைத் தொடுங்கள். கிளாட்டில் 120 நிமிடத்தில் 120 கேள்வி, தவறுக்கு 0.25 குறையும். அங்கே இரண்டு ஆப்ஷன் வரைக்கும் குறைக்க முடிந்தால் மட்டும் தொடுவது சரி.

பயிற்சி

எல்சாட்டை நடத்தும் அமைப்பின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கு திறந்தாலே சில அசல் வினாத்தாள்கள் கிடைக்கும். அதிலிருந்து பேரலல் கேள்விகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு ஆப்ஷனின் வடிவத்தையும் க, ச போட்டு எழுதுங்கள், தள்ளிய ஆப்ஷனுக்குப் பக்கத்தில் ஏன் தள்ளினீர்கள் என்று ஓரிரு சொல்லில் குறியுங்கள்: ‘அழுத்தம் குறைவு’, ‘தலைகீழ்’, ‘யோசனை’. கை பழகிய பிறகு முடிவை மட்டும் பார்த்து எத்தனை ஆப்ஷனைத் தள்ள முடிகிறது என்று சோதித்து, அதன்பிறகு கடிகாரத்தை வையுங்கள்.