பேட்ரிக் மாத்யூவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் 1790இல் பிறந்து 1874இல் மறைந்த பேட்ரிக் மாத்யூ, இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினுக்கு முன்பே எழுதியவர். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் டார்வினில் தொடங்கி டார்வினிலேயே முடித்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மாத்யூ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் அல்லர். தந்தை இறந்தபின் எடின்பரோவில் படிப்பை நிறுத்திவிட்டு, எரல் ஊருக்கு அருகிலிருந்த கௌர்டிஹில் பண்ணையின் நிர்வாகத்தை இளம் வயதிலேயே ஏற்று, நாளடைவில் ஆப்பிளும் பேரியுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை அங்கே வளர்த்தவர்.

1831இல் அவர் வெளியிட்ட நூல் கப்பல் கட்டும் மரங்களைப் பற்றியது. இதை மறந்தால் அவருடைய சிந்தனையே பிடிபடாது. நாற்றுப்பண்ணை நடத்துவோர், பறிப்பதற்கு எளிது என்பதற்காகக் குட்டையான மரங்களிலிருந்தே விதை எடுப்பதால் மரவகை தாழ்ந்துபோகிறது என்று அவர் அதில் கடிந்துகொண்டார். இடத்துக்கும் ஒளிக்கும் போட்டி நிலவும் காட்டிலோ, வலுவானவையே தப்பிப் பிழைத்து விதை விடும். இயற்கையே தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தை அவர் எழுதியது இத்தகைய தொழில் அனுபவத்தோடு சேர்த்துத்தான்.

அக்கருத்து பிற்சேர்க்கைக்குள் மட்டுமே புதைந்து கிடந்தது என்பதும், எவர் கண்ணிலும் படவில்லை என்பதும் சரியல்ல. நூலின் உடற்பகுதியிலும் அதன் கூறுகள் உண்டு. தோட்டக்கலை இதழாசிரியர் லௌடன் 1832இல் எழுதிய மதிப்புரையிலேயே, உயிரினங்களின் தோற்றம் குறித்து மாத்யூ எதையோ சொல்ல வருகிறார் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

மாத்யூவின் கருத்தை டார்வின் திருடினார் என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. அதற்கு நேரடிச் சான்று இல்லை. டார்வினின் எண்ணம் படிப்படியாக உருவானதை அவருடைய 1837, 1838ஆம் ஆண்டுக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ என்ற தோட்டக்கலை இதழில் 1860 ஏப்ரல் 7 அன்று வெளியான கடிதத்தில், இக்கருத்தை முதலில் சொன்னவர் தாமே என்று மாத்யூ உரிமை கோரியபோது, டார்வின் அதே இதழில் அதே மாதம் 21ஆம் தேதி அதை ஏற்றுப் பதிலளித்தார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலின் 1861ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அவரைக் குறிப்பிட்டார். இருவர் கருத்தையும் ஒன்றென்று கொள்வதும் தவறு: பேரழிவுகளுக்குப் பின்னரே புதிய உயிர்கள் பெருகின என்று மாத்யூ எண்ணினார்; டார்வினோ மெல்ல மெல்ல நிகழும் மாற்றத்தை முன்வைத்தார்.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகே டே ஆற்றின் மேல் கட்டப்பட்ட ரயில் பாலத்தை எதிர்த்தவர் என்பதால் அவரைத் தீர்க்கதரிசியாக்குவதையும் தவிர்க்க வேண்டும். பாலம் 1879 டிசம்பரில் புயலில் இடிந்தது உண்மைதான். ஆனால் பாலத்துக்கான பணத்தை டண்டீ நகர ஏழைகளின் குடியிருப்புக்குச் செலவிடலாமே என்பதும் அவர் எழுப்பிய வாதங்களில் ஒன்று. 1839இல், உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தின் மாநாட்டுக்குப் பெர்த்ஷயரின் பிரதிநிதியாகச் சென்றவரிடமிருந்து அப்படியொரு வாதம் வந்ததில் வியப்பில்லை.