ஆன்டிவைரஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணிடுங்க

2019ல வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிஞ்சு ஆல்பம் வேலை குவிஞ்சு கெடந்த நேரத்துல என் மச்சான் போன் பண்ணாரு, அவர் சின்னதா ஒரு போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்காரு. "மாப்ள, எந்த போட்டோவும் தொறக்க மாட்டேங்குது, ஃபைல் பேருக்கெல்லாம் பின்னாடி என்னமோ நாலு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கு, ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடுச்சு, அதனால இருக்குமா"ன்னு கேட்டாரு. எனக்கு அப்பவே வயித்தக் கலக்கிடுச்சு. போய் பாத்தா ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ரீட்மீன்னு ஒரு நோட்பேட் ஃபைல், 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள்ள தொடர்பு கொண்டா பாதி விலை 490 டாலர்னு எழுதியிருக்கு. ஸ்டாப்னும் டிஜேவியூன்னும் சொல்லுவாங்களே அந்த ரான்சம்வேர், அதாவது ஃபைல பூட்டி வச்சிட்டு தொறக்க காசு கேக்குற வைரஸ். ராத்திரி அவர் பாத்த அப்டேட் ஸ்கிரீனே பொய், அத காமிச்சு ஆள உக்கார வச்சிட்டு பின்னாடி ஒவ்வொரு ஃபைலா பூட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அவர்கிட்ட ஆன்டிவைரஸ் இல்லாம இல்ல, இருந்துச்சு. முந்தின நாள் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ஒரு கிராக், அதான் காசு கட்டாம ஓட வைக்கிற திருட்டு வழி, போட்டிருக்காரு, அந்த வீடியோல "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு சொன்னத கேட்டு அவர் கையாலயே ஆஃப் பண்ணிட்டாரு. இதனாலதான் யாராவது "எந்த ஆன்டிவைரஸ் நல்லது"ன்னு கேட்டா நான் அந்த கேள்விக்கு கடைசிலதான் வருவேன், அதுக்கு முன்னாடி காசு செலவில்லாம பண்ண வேண்டியது நெறைய இருக்கு.

மொதல் வேலை பேக்கப். வைரஸ தடுக்குறதுக்கு முன்னாடி இதானு கேப்பீங்க, ஆமா இதான், ஏன்னா மத்த எல்லாம் தோத்தாலும் இது ஒண்ணு இருந்தா நீங்க பொழச்சிக்கலாம். மச்சான்கிட்ட பேக்கப்பும் இருந்துச்சுங்க, ஒரு 2 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், ஆனா அது எந்நேரமும் சிபியூ பின்னாடி சொருகியே இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல இருந்தது போன அதே ராத்திரி அதுல இருந்ததும் போச்சு. ரான்சம்வேருக்கு சி டிரைவ், டி டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க்னு வித்தியாசமே கெடையாது, மை கம்ப்யூட்டர்ல எது தெரியுதோ எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். அதனால ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாத்தி மாத்தி போடுங்க, காப்பி முடிஞ்சதும் எஜெக்ட் குடுத்து கழட்டி பீரோல வச்சிடுங்க, முடிஞ்சா ஒண்ணு கடையில ஒண்ணு வீட்லன்னு வைங்க. கூகுள் டிரைவ்ல தானா ஏறுது அது போதும்னு நெனைக்காதீங்க, பூட்டுன ஃபைலும் அதே மாதிரி தானா ஏறி நல்ல ஃபைல் மேல உக்காந்துக்கும், பழைய வெர்ஷன 30 நாள் வரைக்கும் வச்சிருப்பாங்க, அதுக்குள்ள கவனிச்சாதான் உண்டு. பேக்கப்ல இருந்து மாசத்துக்கு ஒரு தடவ ஏதாவது நாலு ஃபைல தொறந்து பாருங்க, தொறக்குதான்னு பாக்காத பேக்கப்ப நம்ப முடியாது.

அடுத்தது அப்டேட். நெட் ஸ்லோவாகுது, அவசரமா பிரிண்ட் எடுக்கும்போது ரீஸ்டார்ட் கேக்குதுன்னு நெறைய கடையில அப்டேட்ட நிறுத்தியே வச்சிருக்காங்க. 2017 மே 12ம் தேதி வானாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர் வந்துச்சு ஞாபகம் இருக்கா, யாரும் எதையும் கிளிக் பண்ணாமலே ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து பக்கத்து கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியா தானா பரவி 150 நாட்டுக்கு மேல போய் சேந்துச்சு, இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்க எல்லாம் நோயாளிங்கள திருப்பி அனுப்புற நெலமைக்கு வந்தாங்க. அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ம் தேதியே அப்டேட் விட்டுட்டாங்க, கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடி! அத போட்டிருந்தவங்க கம்ப்யூட்டருக்குள்ள அதால அந்த ஓட்டை வழியா வர முடியல.

செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட்டுக்கு போயி ஆக்டிவ் ஹவர்ஸ்னு இருக்கும், அதுல உங்க கடை நேரத்த குடுத்துட்டா அந்த நேரத்துல அதுவா ரீஸ்டார்ட் ஆகாது, அதுக்காக அப்டேட்டையே நிறுத்த வேண்டாம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுபோச்சு, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட நின்னுபோச்சு. விண்டோஸ் 11 ஏறாத பழைய மிஷின் வச்சிருக்கவங்க வீட்டு உபயோகத்துக்குன்னா 2026 அக்டோபர் வரைக்கும் எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்னு ஒண்ணு வாங்கிக்கலாம், அதே விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல்னு காட்டும். அதுக்கும் மேல ஓட்டணும்னா விண்டோஸுக்கு பதிலா ஃப்ரீயா கெடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுக்கோங்க, பிரவுசிங், டைப்பிங், படம் பாக்குறதுக்கெல்லாம் தாராளமா போதும்.

விண்டோஸ மட்டும் அப்டேட் பண்ணிட்டு ஜிப் ஃபைல பிரிக்கிற வின்ரார மறந்துடுவாங்க. அது தானா அப்டேட் ஆகாத சாஃப்ட்வேர், என்னைக்கோ சர்வீஸ் பையன் போட்டது அப்படியே கெடக்கும். 2023ல அதுல ஒரு பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, ஜிப் ஃபைலுக்குள்ள இருக்குற சாதாரண போட்டோவ டபுள் கிளிக் பண்ணா அதுக்கு பதிலா உள்ள ஒளிச்சு வச்சிருக்குற புரோகிராம் ஓடும். 6.23 வெர்ஷன்ல அத சரி பண்ணாங்க, அதுக்கப்புறம் 2025ல இன்னொரு ஓட்டை வந்து 7.13ல சரி பண்ணாங்க. உங்க வின்ரார தொறந்து ஹெல்ப்ல அபவுட் பாருங்க, 7.13க்கு கீழ எந்த வெர்ஷன் இருந்தாலும் இப்பவே தூக்கிட்டு புதுசு போடுங்க.

இப்ப கிராக் விஷயம். இத பத்தி பேசுனா கோவம் வரும்னு தெரியும், ஏன்னா இங்க பாதி கடை அதுலதான் ஓடுது, மாசாமாசம் சாஃப்ட்வேருக்கு காசு கட்டுற அளவுக்கு ஆல்பத்துல எங்க மிச்சம் ஆகுதுன்னு மச்சானும் கேட்டாரு, நியாயமான கேள்விதான். ஆனா அந்த கிராக் எப்படி வருதுன்னு ஒரு தடவ உத்து பாருங்க. டவுன்லோட் பண்ற ஜிப்புக்கு 1234ன்னு ஒரு பாஸ்வேர்ட் போட்டிருப்பான், பக்கத்துலயே அந்த பாஸ்வேர்டையும் எழுதியிருப்பான். எல்லாருக்கும் சொல்ற பாஸ்வேர்ட் எதுக்கு? உங்ககிட்ட இருந்து மறைக்க இல்ல, உங்க ஆன்டிவைரஸ்கிட்ட இருந்து மறைக்க, பாஸ்வேர்ட் போட்ட ஜிப்புக்குள்ள அதால பாக்க முடியாது. பிரிச்சதுக்கப்புறம் அது புடிச்சிடும், அதனாலதான் ஆஃப் பண்ண சொல்றான். அப்புறம் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுக்க சொல்றான். வீட்டு சாவி, பீரோ சாவி ரெண்டையும் நாமளே எடுத்து குடுத்தாச்சு.

இதுக்கு பதிலா என்ன பண்ணலாம்னா, டைப்பிங் கணக்கு வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வோட ஃப்ரீ வெர்ஷனே கல்யாண வீடியோவுக்கு தாங்கும், போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல தொறக்கணும்னா போட்டோபியா பிரவுசர்லயே தொறக்கும். ஆல்பம் டிசைன் வேகத்துக்கு இதெல்லாம் முழுசா ஈடாகாது, அத நான் மறைக்கல. அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் காசு கட்டிட்டு மத்ததுக்கெல்லாம் ஃப்ரீயா போறதுன்னு மச்சான் இப்ப மாத்திக்கிட்டாரு.

பென்டிரைவ் பத்தி ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர்காரங்களுக்கு தனியா சொல்லணும். முன்னாடியெல்லாம் பென்டிரைவ சொருகுனாலே உள்ள இருக்குற வைரஸ் தானா ஓடும், 2011 பிப்ரவரில மைக்ரோசாஃப்ட் பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் ஒரு அப்டேட் விட்டு அத அடைச்சாங்க, உடனே வைரஸ்காரன் வழிய மாத்திக்கிட்டான், அதுதான் நாம ஷார்ட்கட் வைரஸ்னு சொல்றது. கஸ்டமர் பென்டிரைவ தொறந்தா ரெஸ்யூம்னு ஒரு ஃபோல்டர் தெரியும், ஐகான் ஃபோல்டர் மாதிரியே இருக்கும், ஆனா இடது பக்கம் கீழ் மூலைல குட்டியா ஒரு வளைஞ்ச அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறிய பாத்தீங்கன்னா தொடாதீங்க. நீங்க அத டபுள் கிளிக் பண்ணா ஃபோல்டரும் தொறக்கும், அதனால சந்தேகமே வராது, ஆனா பின்னாடி வைரஸும் ஓட ஆரம்பிச்சிடும், அப்புறம் நாள் பூரா வர்ற ஒவ்வொரு பென்டிரைவுக்கும் உங்க கடையே அத ஏத்தி அனுப்பும்.

அந்த பென்டிரைவ்ல ஃபைல் எதுவும் அழிஞ்சிருக்காது, ஹிடன் பண்ணி வச்சிருக்கும், அவ்ளோதான். ஃபார்மேட் போட்டுடாதீங்க, பாவம் காலேஜ் புள்ளைங்க புராஜெக்ட் அதுல இருக்கும். மொதல்ல டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர்ல ஸ்கேன் குடுங்க, அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ போயி ஹிடன் ஐட்டம்ஸ் டிக் பண்ணுங்க, அப்பவும் தெரியலன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ மறைக்கிற டிக்க எடுங்க, பல நேரம் பேரே இல்லாத ஒரு வெத்து ஃபோல்டர் தெரியும், மொத்த ஃபைலும் அதுக்குள்ளதான் இருக்கும். வேணும்ங்கற டாக்குமெண்ட மட்டும் காப்பி பண்ணி எடுத்துட்டு அப்புறம் ஃபார்மேட் போடுங்க, முடிஞ்சதும் அந்த டிக்க மறக்காம திரும்ப போட்டுடுங்க. கடைல பழைய மிஷின் ஒண்ணு இருந்தா லினக்ஸ் போட்டு பென்டிரைவ் வாங்குறதுக்குன்னே ஒதுக்கிடுங்க, இந்த ஷார்ட்கட் வைரஸ் அதுல ஓடாது.

அதே வியூ மெனுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதையும் டிக் பண்ணி வைங்க. இல்லன்னா பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ ன்னு இருக்குற ஃபைல் வெறும் பில்.பிடிஎஃப்னுதான் தெரியும், ஐகானும் பிடிஎஃப் ஐகானாவே வச்சிருப்பான்.

இப்ப புதுசா ஒண்ணு சுத்துது, இத வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. ஏதோ ஒரு சைட்டுக்கு போனா "நீங்க மனுஷன்தான்னு நிரூபிங்க"ன்னு ஒரு பெட்டி வரும், டிக் பண்ணா விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அமுக்கு, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர்னு மூணு ஸ்டெப் சொல்லும். அந்த சைட்டு உங்களுக்கே தெரியாம ஒரு கமாண்ட காப்பி பண்ணி வச்சிருக்கும், நீங்க பேஸ்ட் பண்ணி என்டர் தட்டுனதும் பாஸ்வேர்ட் திருடுற புரோகிராம் இறங்கி பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்ட், லாகின் ஆகி இருக்குற குக்கீ எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு போயிடும். குக்கீ போச்சுன்னா ஓடிபி கூட இல்லாமலே உங்க மெயிலுக்குள்ள போக முடியும். எந்த ஒழுங்கான சைட்டும் உங்கள ரன் பாக்ஸ தொறக்க சொல்லாது, சொன்னா உடனே மூடிட்டு வெளிய வாங்க.

ஸ்கிரீன் முழுக்க சிவப்பா "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க"ன்னு சத்தம் போட்டுக்கிட்டு வந்தா அது வெறும் வெப் பேஜ்தான், எஸ்கேப் கீய கொஞ்ச நேரம் அமுக்கி புடிங்க, இல்ல ஆல்ட் எஃப்4 அமுக்குங்க. போன் மட்டும் பண்ணிடாதீங்க, தூரத்துல இருந்தே உங்க கம்ப்யூட்டர இயக்குற எனிடெஸ்க் சாஃப்ட்வேர போட சொல்லி பேங்க் அக்கவுண்ட்டுக்குள்ள போயிடுவாங்க. மூலைல அடிக்கடி வைரஸ் வார்னிங் வந்துக்கிட்டே இருந்தா என்னைக்கோ ஒரு சைட்ல அலவ் குடுத்திருப்பீங்க, குரோம்ல சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போயி தெரியாத பேரையெல்லாம் தூக்கிடுங்க. எக்ஸ்டென்ஷன் பக்கத்துலயும் அதே மாதிரி, நீங்க போட்டதா ஞாபகம் இல்லாத எதையும் வைக்காதீங்க.

இப்ப ஆன்டிவைரஸுக்கு வர்றேன். விண்டோஸ்லயே இருக்குற டிஃபெண்டர் வீட்டுக்கும் சின்ன கடைக்கும் போதும்னுதான் நான் சொல்வேன், ஆனா அத ஒழுங்கா செட் பண்ணணும். லேப்டாப்போட வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் காலாவதி ஆகி கெடந்தா அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா வைக்காதீங்க. விண்டோஸ் செக்யூரிட்டி தொறந்து வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்ல டேம்பர் புரொடெக்ஷன் (டிஃபெண்டர் செட்டிங்ஸ வேற புரோகிராம் மாத்த விடாம தடுக்குறது) ஆன்ல இருக்கான்னு பாருங்க, அதுக்கு கீழ ரான்சம்வேர் புரொடெக்ஷன்ல கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்னு இருக்கும், அத ஆன் பண்ணி போட்டோ ஃபோல்டர சேத்துடுங்க, அப்புறம் நம்பிக்கை இல்லாத சாஃப்ட்வேர் அந்த ஃபோல்டர்ல கை வைக்க முடியாது. மொத ரெண்டு நாள் உங்க சொந்த சாஃப்ட்வேரையே தடுக்கும், எரிச்சலா இருக்கும், அங்கயே அலவ் அன் ஆப்னு இருக்குறதுல அந்த சாஃப்ட்வேர சேத்துட்டா சரியாயிடும். சந்தேகமா இருந்தா ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன் குடுங்க, விண்டோஸ் முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்றதால ஒளிஞ்சிருக்குறதும் மாட்டும், ஒரு கால் மணி நேரம் ஆகும்.

அட்மின் அக்கவுண்ட்ல தினம் வேலை பாக்காதீங்க. மொதல்ல தனியா ஒரு அட்மின் அக்கவுண்ட் உருவாக்கி பாஸ்வேர்ட் போட்டு வச்சிட்டு, அப்புறம் உங்க அக்கவுண்ட ஸ்டாண்டர்டா மாத்துங்க, இந்த வரிசை முக்கியம். வைஃபை ரவுட்டருக்குள்ள போற பாஸ்வேர்ட் இன்னும் அட்மின், அட்மின்னே இருந்தா அதையும் மாத்திடுங்க.

இதையெல்லாம் மீறி மாட்டிக்கிட்டா, ஃபைல் பேரு மாறிக்கிட்டே இருக்குறத பாத்த நிமிஷமே நெட் கேபிள புடுங்குங்க, ஹார்ட் டிஸ்க்க கழட்டுங்க, பவர் பட்டன அமுக்கி புடிச்சு ஆஃப் பண்ணுங்க. காசு கட்டாதீங்க, கட்டுனா ஃபைல தொறக்குற சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. நோ மோர் ரான்சம்னு ஒரு சைட் இருக்கு, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேந்து 2016ல ஆரம்பிச்சது, பூட்டுன ஃபைல் ஒண்ணையும் அந்த ரீட்மீயையும் ஏத்துனா இதுக்கு ஃப்ரீயா சாவி இருக்கான்னு சொல்லும். பாஸ்வேர்ட் எல்லாத்தையும் வேற ஒரு மிஷின்ல இருந்து, இல்ல போன்ல இருந்து மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட் குடுங்க, ஏன்னா இந்த ஸ்டாப் ரான்சம்வேர் கூடவே பாஸ்வேர்ட் திருடுறதையும் இறக்கி விடும். பேங்க் காசு போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, லேட் ஆக ஆக காசு கைமாறிக்கிட்டே போகும்.

மச்சான் ஃபைலுக்கு சாவி கெடைக்கல. ஆனா அந்த ரான்சம்வேர் ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி அளவுதான் பூட்டும், பெரிய ஃபைலோட மீதி அப்படியே இருக்கும், அதனால அதே கேமரால எடுத்த நல்ல வீடியோ ஒண்ண மாதிரியா குடுத்து ரிப்பேர் பண்ணி கல்யாண வீடியோ பெரும்பாலும் மீட்டுட்டோம். போட்டோவுக்கு மெமரி கார்டு கைகுடுத்துச்சு, ஃபார்மேட் பண்ணியிருந்தாலும் அதுக்கு மேல புதுசா எதுவும் எடுக்காத ரெண்டு கார்டுல இருந்து போட்டோரெக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் வச்சு ரெண்டு கல்யாணத்த எடுத்தோம். மூணாவது கல்யாணத்தோட போட்டோ எதுவும் கெடைக்கல, அந்த பொண்ணு வீட்டுக்கு மச்சான் நேர்ல போய் சொல்லிட்டு வந்தாரு. அந்த ஹார்ட் டிஸ்க்க இன்னும் அழிக்கல, தேதி எழுதி ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கோம், சாவி பின்னாடி எப்பவாவது வெளிய வர வாய்ப்பு இருக்கு, நீங்களும் பூட்டுன ஃபைல அழிச்சிடாதீங்க.