கொட்டிச் செடியின் கழலையை இனங்காணும் முறை

ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வளரும் அப்பொனோகெட்டன் ஜேகப்செனி, இலங்கைக்கே உரிய அரிய கொட்டி இனமாகும். அதன் இலையிலோ காம்பிலோ வேரிலோ வீக்கம் தென்பட்டால், அது கழலையாக, அதாவது பூச்சியோ பூஞ்சையோ நூற்புழுவோ தூண்டியதால் செடியின் தசை பருத்ததாக இருக்கலாம். ஆனால் உடனே பறித்துவிடக் கூடாது; 1988 முதல் அவ்விடம் தேசிய பூங்காவாக இருப்பதால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஓர் இலையைக்கூட எடுக்க இயலாது. நீருக்குள் இருக்கும்போதே, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள்.

பிறகு விரலால் மெல்ல வருடுங்கள். நத்தை முட்டைத்திரளும், மணல் ஒட்டிய புழுக்கூடும் வழுக்கி விலகிவிடும். கழலையோ செடியின் தசையே பருத்ததாதலால் அசையாது. அவசரக்காரர் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அனுமதி பெற்று எடுத்த ஒரு கழலையைச் சவர அலகால் நடுவே பிளந்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையால் நோக்குங்கள். உள்ளே வெற்றறையும் அதில் ஒரு புழுவும் இருந்தால் பூச்சியையும், அறையின்றிக் கரிய தூள் போன்ற வித்துகள் செறிந்திருந்தால் கரிப்பூட்டைப் பூஞ்சையையும், வேர்முடிச்சில் வெண்முத்துப் போன்ற நுண்ணுருக்கள் தெரிந்தால் நூற்புழுவையும் ஐயுறலாம். ஆயினும், நாட்டு மருந்துக்கடையில் விற்கும் மாசிக்காய் என்னும் மரக்கழலையை உண்டாக்கும் குளவியைப் போல, கழலையிலிருந்து வெளிவரும் பூச்சியே அதை உண்டாக்கியது என்று முடிவுகட்டுவது தவறு. அந்தப் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவியாகவும் அது இருக்கக்கூடும்.

புழுவை எழுபது சதவீத அற்ககோலிலும், பூஞ்சையுள்ள இலையைத் தாளிடையே உலர்த்தியும் வைத்து, இடம், திகதி, நீராழம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தாவரவியலாளரிடம் காட்டுங்கள். மை நனைந்தால் கரைந்துவிடும்.