தொழிலாளர் குடியிருப்பின் நினைவுகளைத் தொகுப்பது எப்படி?

தொழிற்சாலை நிர்வாகமே திட்டமிட்டுக் கட்டிய ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுபவர்களின் கைக்கு முதலில் கிடைப்பவை நிர்வாகம் விட்டுச்சென்ற தாள்கள்தாம். இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் 1851இல் தம் கம்பளி ஆலையை ஒட்டி எழுப்பத் தொடங்கிய சால்டேரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் தேவாலயமும் இருந்தன என்பதையும், மதுக்கடைக்கு அங்கே இடமில்லை என்பதையும் எவரும் எளிதில் படித்து அறியலாம். அந்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்த பெண் விடியற்காலையில் எப்போது எழுந்தாள், சம்பளம் தீர்ந்த வாரத்தில் யாரிடம் கைமாற்று வாங்கினாள் என்பவற்றை எந்த நிர்வாகமும் எழுதி வைத்ததில்லை. அவற்றை வாழ்ந்தவர்களிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

மதுரையின் ஹார்விபட்டி, நெய்வேலி நகரியம், திருச்சியின் பொன்மலை என வேலையைச் சுற்றி எழுந்த ஊர்கள் நம்மிடமும் உண்டு. இந்த வழிகாட்டி பொன்மலை ரயில்வே காலனியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்தில் இருந்த தன் பணிமனையை மாற்றி 1928இல் இங்கே பெரிய பணிமனையைத் திறந்தது. அதையொட்டிக் குடியிருப்புகளும் மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் கொண்ட ஊர் ஒன்று வளர்ந்தது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இத்தகைய ஊரில் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை கிடைத்தால் சில ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். பணி ஓய்வு பெற்றால் குறித்த காலத்துக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டின் மீதும், தாம் நட்டு வளர்த்த முருங்கை மரத்தின் மீதும் எந்த உரிமையும் இல்லை என்ற அறிவோடுதான் ஒவ்வொரு குடும்பமும் அங்கே வாழ்ந்தது. சேமிப்பு, மகனின் வேலை, வேலைநிறுத்தத்தில் சேருவதா வேண்டாமா என்ற தயக்கம், ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போடும் ஆசை ஆகிய எல்லாவற்றிலும் இந்த அறிவின் நிழல் விழுந்திருக்கும். அதை மறந்துவிட்டுக் கேட்டால் ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்ற ஒற்றை வரியோடு திரும்ப நேரும்.

இதனாலேயே ஆட்களைத் தேடுவது முதல் வேலையாகிறது. நீங்கள் தேடும் மனிதர் அந்த வீட்டில் இன்று இருக்கமாட்டார். வீடே இடிக்கப்பட்டிருக்கவும் கூடும். பொன்மலையில் வேலை பார்த்தவர்கள் பலர் பொன்மலைப்பட்டி, மேலகல்கண்டார்கோட்டை, சுப்பிரமணியபுரம், திருவெறும்பூர் என்று சுற்றுப்புறங்களில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். அவர்களைச் சேர்த்துச் சந்திக்க ஏற்ற காலம் நவம்பர் மாதம். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வங்கிக்கு வருவார்கள், பழைய தோழர்களைக் கண்டு வாசலிலேயே நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ரயில்வே மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசை மற்றொரு நல்ல இடம். அங்கே பேட்டி எடுக்க வேண்டாம். அறிமுகம் செய்துகொண்டு, முகவரி பெற்று, வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டுப் போனால் போதும்.

காலனி முழுவதையும் தொகுக்க ஆசைப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு தெருவை, ஒரே ஒரு வரிசை வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்பதை முழுமையாக அறிவது, ஆயிரம் வீடுகளைப் பற்றிப் பொதுவாக அறிவதைவிடப் பயனுள்ளது. ஒரே நிகழ்ச்சியை அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மூவர் மூன்று விதமாகச் சொல்லும்போதுதான் அந்தத் தெரு உயிர் பெறும்.

சந்திப்பில் ஒலிப்பதிவைத் தொடங்கிய உடனே ஒரு பெரிய வெள்ளைத்தாளையும் பென்சிலையும் முன்னால் வைத்து, வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். சமையலறை எந்தப் பக்கம், கட்டில் எங்கே, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளா தெருவிலா, கழிப்பறையைத் துப்புரவு செய்ய வருபவர் எந்த வழியாக வருவார், கோழி அடைத்த இடம் எது, அண்ணன் தம்பிகள் எங்கே படுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வரையத் தெரியாது என்பார்கள். நீங்கள் தவறாக ஒரு கோடு போட்டால் பென்சிலை வாங்கித் திருத்துவார்கள். இரண்டு அறைகளில் எட்டுப் பேர் வாழ்ந்த கணக்கு அந்தத் தாளில்தான் தெளிவாகும். பிறகு தெருவையும், கடையையும், கோயிலையும், பணிமனை வாசலையும் சேர்த்து வரையுங்கள். தாளின் ஓரத்தில் வரைந்தவர் பெயரும் நாளும் இருக்கட்டும்.

அடுத்தது சங்கு. பணிமனைச் சங்கு பொன்மலையின் கடிகாரமாக இருந்தது; வேலைக்குப் போகாதவர்களின் நாளையும் அதுதான் பகுத்தது. ஆகவே ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பதைவிட, “சங்கு ஊதுறதுக்கு முன்னாடி வீட்டுல யாரும்மா மொதல்ல எந்திரிப்பாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு மூட்டியது, குழாயடியில் குடம் வைத்து இடம் பிடித்தது, சைக்கிளைத் துடைத்து வைத்தது, சாப்பாட்டுக் கேரியரைக் கட்டியது என்று ஒரு முழு விடியற்காலை வந்து சேரும். மதியச் சங்குக்கும் மாலைச் சங்குக்கும் இதே கேள்வியை நீட்டலாம். சம்பள நாளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள்: பணம் யார் கையில் வந்தது, மளிகைக் கடை நோட்டில் எவ்வளவு அடைந்தது, வட்டிக்காரர் எங்கே நின்றார், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்ன வாங்கினார்கள், மாதக் கடைசியில் எது நின்றுபோனது.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். கணவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால் பணிமனையின் கதைதான் வரும். பாய்லர் ஷாப்பும் பவுண்டரியும் மேஸ்திரியும் ஃபோர்மேனும் பேசப்படுவார்கள், குழாயடி பேசப்படாது. பணிமனையைப் பற்றியும் விரிவாகவே கேட்க வேண்டும் என்பதில் ஐயமில்லை, ஆனால் அது வேறொரு நாளுக்கு உரியது. காலனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை, இன்று அவர்கள் அறுபதைக் கடந்திருந்தாலும், மூன்றாவது தரப்பாகக் கொள்ளுங்கள். ரயில்வே பள்ளி, ஊழியர்கள் கூடிப் பொழுதுபோக்கும் மன்றமான இன்ஸ்டிட்யூட், ஜி கார்னர் மைதானம், வருடாந்தரப் பாஸில், அதாவது ரயில்வே தன் ஊழியர் குடும்பத்துக்குத் தரும் இலவசப் பயண அனுமதியில், போன ஊர்கள் ஆகியவை அவர்களிடம் இருக்கும். பாஸ் என்பது பெரிய பொருள். மாதக் கடைசியில் கையில் காசில்லாத குடும்பம் ஒன்று ரயிலேறித் தொலைதூரம் போய்வர முடிந்தது என்பது அந்த வாழ்க்கையின் தனித்தன்மை.

காலத்தைக் குறிப்பதில் கவனம் தேவை. ‘எந்த வருடம்’ என்று கேட்டால் பெரும்பாலும் சரியான விடை வராது. எல்லோருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சிகளை வைத்து முன்னா பின்னா என்று கேளுங்கள். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பரில். திருச்சியை வெள்ளம் சூழ்ந்தது 1977 நவம்பரில். ‘கம்பெனி காலம்’ என்று ஒருவர் சொன்னால் அது தென்னிந்திய ரயில்வே அரசின் கைக்கு வந்த 1944க்கு முந்தியதா, அல்லது தென்னக ரயில்வே உருவான 1951 வரையிலான காலத்தையும் அப்படியே அழைக்கிறாரா என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுத வேண்டும். பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்ப்பதையும் ஆட்குறைப்பையும் எதிர்த்து 1928 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தையும், சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றதையும் நேரில் கண்டவர்கள் இன்று இல்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து தாத்தா மூட்டை கட்டி வந்த கதை பேரன் வாயில் இருக்கிறது. அது மதிப்புள்ளது. ‘தாத்தா சொல்லக் கேட்டது’ என்ற குறிப்போடு எழுதினால் மதிப்புக் குறையாது.

இனி, கடினமான பகுதி. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. 1974 மே 8 முதல் 27 வரை நாடெங்கும் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பல இடங்களில் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டன. இப்படிப்பட்ட நாட்களைப் பற்றித் தலைவர்களின் பேச்சு ஏட்டில் இருக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த இருபது நாட்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, ஒளிந்திருந்தவருக்கு யார் சோறு கொண்டுபோனார்கள், வேலைக்குப் போனவரைத் தெரு எப்படி நடத்தியது, ‘கருங்காலி’ என்ற பெயர் அவர் பிள்ளைகளை எத்தனை காலம் தொடர்ந்தது. இதை முதல் சந்திப்பில் கேட்கக் கூடாது. சொன்னவர் பெயரையும் சொல்லப்பட்டவர் பெயரையும் வெளியிடுவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். தயங்கினால் பெயரை நீக்கிவிடுங்கள், நினைவை நீக்க வேண்டாம்.

சாதியையும் தவிர்க்க இயலாது. பதவிக்கேற்ற வகையில் வீடுகள் ஒதுக்கப்பட்டதால் பல சாதியார் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ நேர்ந்தது. கிராமத்தில் கிடைக்காத அந்த நெருக்கத்தைப் பலர் பெருமையோடு சொல்வார்கள். யார் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள், துப்புரவுத் தொழிலாளர்களின் வீடுகள் எங்கே இருந்தன, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு பழக்கம் எப்படி என்று நேராகக் கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களிடமும் அதே கேள்விகளைக் கேட்காமல் தொகுப்பை முடிக்கவே கூடாது.

பொருள்கள் பேச்சைத் திறக்கும். ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த படம், சம்பளச் சீட்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவை ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். பணிமனைக்கு வந்ததைப் பதிவு செய்யத் தொழிலாளி பயன்படுத்திய டோக்கனை வைத்திருப்பவர் கிடைத்தால் அது பெரும்பேறு. உள்ளங்கையில் அடங்கும் உலோக வில்லை, மாட்டுவதற்கு ஒரு துளை, நடுவில் டிக்கெட் எண் எனப்படும் தொழிலாளியின் எண். எண்ணின் விளிம்புகள் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கும். அதைக் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். தம் பேரப்பிள்ளைகளின் கைப்பேசி எண் நினைவில் இல்லாதவர் அந்த எண்ணைப் பார்க்காமலே சொல்வார், அதே வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களின் எண்களையும் சேர்த்துச் சொல்வார். எந்தப் பொருளையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் வைத்து முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரையும் பெயர்களும் இருக்கக்கூடும்.

ஒலிப்பதிவுக்குச் சாதாரணக் கைப்பேசி போதும். விமானப் பயன்முறையில் வைத்து, பேசுபவருக்கு ஒரு முழத் தொலைவில் துணி மடிப்பின் மீது வைக்க வேண்டும். மின்விசிறியும் தொலைக்காட்சியும்தான் பெரும் எதிரிகள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். முதியவர்கள் களைப்பைச் சொல்ல மாட்டார்கள். கோப்பின் பெயரில் நாள், தெரு, வீட்டு எண் இருக்கட்டும்; அன்றிரவே வேறு இரண்டு இடங்களில் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கும் ஆசை வரும். ‘ஷாப்பு’, ‘டைம் ஆபீசு’, ‘கோட்ரஸ்’ என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். தலைமுறைகள் வாழ்ந்து உருவாக்கிய பேச்சு அது. விளக்கம் வேண்டியவற்றுக்குத் தனியே ஒரு சொற்பட்டியல் சேர்க்கலாம். எழுதிய படியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சொன்னவரிடம் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண் மங்கியவர்களுக்கு இதுவே வழி. அவர் திருத்துவதைத் திருத்தி, புதிதாகச் சொல்வதை ஓரத்தில் நாளோடு குறித்து, ஒரு படியைக் குடும்பத்துக்கும் மற்றொன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுத்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.