மூட்டுவலிக்கு 0.7: அந்த எண் எங்கே தப்பும்?

மூட்டுவலியோடு 10 வருஷம் வாழ்வதும், வலியில்லாமல் 7 வருஷம் வாழ்வதும் தனக்கு ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னால், அந்த உடல்நிலையின் மதிப்பு 0.7 (முழு ஆரோக்கியம் 1, சாவு 0). உடல்நிலைக்கு எண் தர வருஷங்களைப் பேரம் பேசும் டைம் ட்ரேட்-ஆஃப் முறையின் கணக்கு அவ்வளவுதான். அந்த 7 எப்படி வந்தது என்பதில்தான் வம்பு.

சென்னையில் வீடு வீடாகப் போய்க் கேட்பவர்கள், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் சாவுக் கேள்வியோடு வாசலில் நிற்க வேண்டாம். 'செத்துப்போவீங்க' என்பதற்குப் பதில் 'ஆயுசு 7 வருஷம்' என்று சொல்லலாம். ஆனால் ரொம்பப் பூசி மெழுகினால், 7 வருஷத்துக்குப் பிறகு வலி வரும் என்று புரிந்துகொள்வார்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

'ஒரு நாள்கூட விட்டுத்தர மாட்டேன்' என்றால் மதிப்பு 1. வலி பெரிதில்லை என்பதாலா? ஆயுசு ஆண்டவன் கையில் என்பதாலா? பெண்ணின் கல்யாணம் பாக்கி என்பதாலா? முதலாவது மட்டுமே உடல்நிலையைப் பற்றியது. பதிலை நீக்காதீர்கள், காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எண்பது வயதுப் பாட்டிக்கோ 'இன்னும் 10 வருஷம்' என்பதே நம்பும்படி இருக்காது.

சாவைவிட மோசம் என்று சொல்லும் நிலைக்கு, முன்னால் 10 நல்ல வருஷம் சேர்த்துக் கேட்பது வழக்கம். அதில் மதிப்பு -1க்குக் கீழே போகாது. அந்தத் தரை கேள்வியின் அமைப்பு போட்டது, மனிதர் மனம் போட்டதல்ல.

ஸ்டாண்டர்டு கேம்பிள் என்ற இன்னொரு முறையில் பேரம் வருஷத்தில் இல்லை, உயிராபத்தில். குணமாக்கும் சிகிச்சையில் 100க்கு 10 பேர் இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றால் மதிப்பு 0.9. சதவீதம் பேசாதீர்கள், 100 புளியங்கொட்டையில் பத்துக்குச் சாயம் பூசிக் காட்டுங்கள். ஆபத்துக்கு அஞ்சுபவர்கள் அதிகம் என்பதால் இதில் எண் பெரும்பாலும் உயர்ந்தே வரும். லேசான உபாதைக்கு இது உதவாது: 100க்கு ஒன்றா, இரண்டா என்று யாருக்கும் பிரித்துப் பார்க்க வராது.

உடல்நிலைக்கு நேரடியாக ஓர் எண் தரச் சொல்லும் 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை. இரண்டு ஓரங்களையும் தொடத் தயங்குவார்கள். பேச்சைத் தொடங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து டைம் ட்ரேட்-ஆஃப் கேள்விகள் 5 நிமிஷத்துக்குள் முடிந்தால் அந்தப் பேட்டியைச் சந்தேகியுங்கள். உடல்நிலையை 5 அம்சங்களில், ஒவ்வொன்றையும் 5 படிகளில் விவரிக்கும் கேள்வித்தாளான ஈக்யூ-5டி-5எல்லில் 3125 நிலைகள். அதில் ஐந்து அம்சங்களும் ஆக மோசமான 55555க்கு, பதில் சொன்னவர் வேறொரு நிலைக்குக் கொடுத்த மிகக் குறைந்த மதிப்பைவிட 0.5 அல்லது அதற்கு மேல் கூடுதலாக வந்திருந்தாலும் அந்தப் பேட்டியைச் சந்தேகியுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவர் தன் நிலைக்குத் தரும் எண், வெளியாள் தருவதைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும், அவருக்கு அது பழகிவிட்டது. யாரிடம், எந்த முறையில் கேட்டீர்கள் என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே போடுங்கள். கேம்பிளின் 0.9ஐயும் ட்ரேட்-ஆஃபின் 0.7ஐயும் ஒரே நெடுவரிசையில் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.